ஏரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை

நகல் எடுக்கும் சைக்ளோஸ்டைல் மையின் வாசனை... அதை முகர்ந்தவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்களோ! எனக்கு இன்றும் நினைத்தவுடன் மூக்கில் ஏறுகிறது. கூடவே சித்தூர் பங்களாவும்.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. மெட்ராஸுக்கும் ஆந்திராவுக்கும் நடுவே கோடு எங்கே போடுவது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. எல்லைக் கிராமங்களைப் பற்றிப் பேச ஆந்திர எம்.எல்.ஏ.க்கள் சிலர், தெலுங்கரும் தமிழருமாக, சித்தூருக்கு வந்தார்கள். அவர்களுக்கு விவரம் எடுத்துக் கொடுக்க, சட்டசபை அலுவலகத்தின் தகவல் பிரிவும் கூடவே வந்து ஒரு பங்களாவில் இறங்கியது.

நான் அப்போதுதான் திருப்பதியில் பி.ஏ. முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் முதல் படிப்பு. தமிழும் தெலுங்கும் வாசிப்பேன் என்பதால் டெம்பரரி வேலை கிடைத்தது. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே கை வியர்க்கும் எனக்கு!

முதல் நாளே சூப்பரிண்டெண்ட் சொல்லிவிட்டார்: "அடிகினதானிகே ஜவாபு, அம்மா." கேட்டதற்கு மட்டும் பதில். நாமாக எதுவும் சொல்லக் கூடாது. எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும் ஒரே பதில். யார் கேட்டார் என்பதும் வெளியே போகக் கூடாது.

அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது... எங்கள் ஊர் பெயர் வரும்வரை.

நாகலாபுரம் பக்கம் எங்கள் ஊர். மேப்பில் பென்சிலால் போட்டிருந்த கோட்டை விரலால் பின்தொடர்ந்தேன். ஏரி வடக்கே, வயல் தெற்கே. நடுவில் கோடு! தலைமுறை தலைமுறையாகக் கூலிக்குப் போன குடும்பத்தில் நைனா, என் அப்பா, அப்போதுதான் அந்த ஏரிக்குக் கீழே ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தார். மதகு ஒரு மாநிலத்தில் இருந்தால், தண்ணீருக்கு இன்னொரு மாநிலத்தில் போய் யாரைக் கேட்பார்?

ஆனால் ஏரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பஞ்சகச்சம் கட்டிய தெலுங்கு மெம்பரும் சரி, கதர் ஜிப்பா போட்ட தமிழ் மெம்பரும் சரி... எந்த ஊரில் என்ன பாஷை? அதுதான் திரும்பத் திரும்ப.

கோட்டைப் பற்றிய பேச்சு ஊரிலும் பரவி, நைனா பஸ் பிடித்து வந்துவிட்டார். பங்களா வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"சோறு துன்னியாம்மா? சரி, உள்ள தான கீற, ஏரிய பத்தி ஒரு வார்த்த சொல்லேன்."

"கேட்டாதான் நைனா சொல்லலாம்."

"பி.ஏ. படிச்சிட்டு வாய தச்சிக்கினியா? பாஷ பாஷன்னு பேசிக்கினு கீறாங்க. ஏரிக்கு இன்னா பாஷ?"

நான் உள்ளே போகத் திரும்பினேன். நைனா குறுக்கே வந்து நின்றார்.

"கேட்டா சொல்லுவ இல்ல?"

"சொல்லுவேன்."

அவ்வளவுதான்! துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே வராந்தாவுக்குப் போனார். தமிழ் மெம்பரிடம் தமிழில், தெலுங்கு மெம்பரிடம் தெலுங்கில், கையால் மதகு திறந்து காட்டி அதே கதை!

மதியம் தமிழ் மெம்பர் வந்தார். "ஏம்மா, அந்த ஏரி எதுல வருது, நெலம் எதுல வருது? ஒரு குறிப்பு வேணும்." அவர் படி இறங்குவதற்குள் தெலுங்கு மெம்பர்... அதே கேள்வி! எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. யார் முன்னால் கேட்டார் என்று சொல்லாமல், "ஸ்டென்சில் ரெடியாகுதுங்க" என்று மட்டும் சொன்னேன். நான் எழுதிய குறிப்பைச் சூப்பரிண்டெண்ட் வரி வரியாகச் சரிபார்த்தார். என் ஊர் என்றோ பாவம் என்றோ அதில் ஒரு சொல் கிடையாது. மதகு எங்கே, வாய்க்கால் எங்கே, வயல் எங்கே... அவ்வளவே.

மறுநாள் கூட்டம். இரண்டு மெம்பர்களும் எல்லாவற்றுக்கும் மேஜையைத் தட்டிச் சண்டை. எங்கள் ஊர் வந்தபோது இருவர் கையிலும் ஒரே காகிதம்! அந்த ஊர் எந்தப் பக்கம் என்பதில் அப்போதும் ஒத்துப்போகவில்லை. ஆனால் எந்தப் பக்கம் போனாலும் ஏரியும் வயலும் சேர்ந்தே போக வேண்டும் என்று இருவருமே சொன்னார்கள்! கை தட்டக் கூடாது. மேஜைக்கு அடியில் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே நைனாவின் பல் மட்டும் தெரிந்தது.

கோடு எங்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. ஊர் ஆந்திராவில் நின்றது.

இப்போது போனைத் திறந்தால் யாரும் கேட்காமலே ஆளுக்கொரு அபிப்பிராயம். எனக்கு இன்னும் அப்படிக் கேட்காமல் சொல்ல வரவில்லை. "நீங்க தமிழாச்சே, ஊரு மெட்ராஸ் பக்கம் போயிருந்தா நல்லா இருந்திருக்காதா?" என்று கேட்பவர்களுக்கு இன்றும் அதே பதில்தான்...

ஏரியும் வயலும் ஒரே பக்கம் இருக்கின்றன.