வருஷத்தில் ஒரு நாள் பேச்சு

சிஞ்ச்வட் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் மங்கையர்க்கரசி தன் கணவர் சுந்தரமூர்த்தியோடு வருஷத்துக்கு ஒரு நாள்தான் பேசினாள்.

1992இல், மராட்டிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்த மகன் முகுந்தை சுந்தரமூர்த்தி வீட்டுக்குள் விடவில்லை. படியிறங்கிப் போனவன் பிறகு வருஷக்கணக்கில் வரவில்லை. அப்போது டிவியில் நோபல் சமாதானப் பரிசு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இனி இந்தப் பரிசை அறிவிக்கிற அன்னிக்குத்தான் உங்ககிட்ட பேச்சு" என்றாள் மங்கையர்க்கரசி.

ஒலிம்பிக் போல நாலு வருஷத்துக்கு ஒரு முறை என்று அவள் நினைப்பு. அடுத்த அக்டோபரில் அவர் ரேடியோவைக் கூட்டி வைத்தபோதுதான் ஆண்டுதோறும் கொடுப்பார்கள் என்று தெரிந்தது. ஆனாலும் சொல் மாறவில்லை. அன்று பேசினாள்.

மற்ற நாட்களில் சுவரிடம் பேசுவாள்.

"சுவரே, தோசை ஆறுதுன்னு சொல்லு."

அவரும் அதே சுவரிடம், "காரம் கூடிப்போச்சுன்னு சொல்லு" என்பார்.

சுவருக்கு அந்தப் பக்கம் மும்தாஜின் சமையலறை. "உங்க சண்டைக்கு என் வீட்டுச் சுவர்தான் கெடச்சுதாக்கா?" என்று சிரிப்பாள்.

பேசும் நாளில் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். "இன்னும் கோபமா?"

"ஆமா."

பிறகு மூட்டுவலி, தண்ணீர் லாரி என்று இரவுவரை பேச்சு ஓடும்.

2003 ஆகஸ்டில் அவர் இறந்தார். முகுந்த் வந்து கொள்ளி வைத்துவிட்டுப் போனான்.

அக்டோபரில் பரிசை அறிவித்த அன்று மாலை மும்தாஜ் எட்டிப் பார்த்தாள். மேசையில் இரண்டு டம்ளர் காப்பி இருந்தது. இரண்டும் ஆறியிருந்தன.

"கோபம் இல்லைன்னு இந்தத் தடவை சொல்லலாம்னு இருந்தேன். கேக்க ஆளில்லை" என்றாள் மங்கையர்க்கரசி.

மும்தாஜ் உட்காரவில்லை.

"அக்கா, மழை விட்டதுலேர்ந்து எங்க அடுப்படியில ஒரு ஆம்பளைக் குரல். உங்க வீட்டு ரேடியோன்னு இருந்துட்டேன்."

"ரேடியோ ரிப்பேராகி ஆடியிலேர்ந்து கிடக்கு. என்ன சொல்லுது?"

"கோபமான்னு கேட்டுச் சொல்லு. அதையேதான் சொல்லுது."

மங்கையர்க்கரசி எழுந்தாள். வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மும்தாஜின் சமையலறைக்குப் போனாள். மசாலா டப்பாக்களை ஒதுக்கிவிட்டுச் சுவரில் வாயை வைத்தாள்.

"இல்லைன்னு சொல்லு."

பூட்டிய வீட்டுக்குள் யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்கள்.