கரண்டில் சாயம் போட்ட அம்மன் கொடி

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நான் வேண்டிக்கொண்டது இது: "தாயே, என் மானம் போனாலும் போகட்டும். கொடி மட்டும் ஏறிவிடட்டும்."

நான் டீமேக்கர் என்பது வாசகர்களுக்குத் தெரியும். பசறைக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் தேயிலை ஃபாக்டரிக்கு டைனமோ ஒன்று வந்திருக்கிறது. கூடவே எனக்கு ஒரு கிறுக்கும் வந்தது. வெள்ளை உப்புக் கட்டியில் மின்சாரம் பாய்ச்சினால் நிறம் ஏறும், அதைக்கொண்டு ஆலைத் துணிக்கே சாயம் போடலாம் என்று ஒரு சஞ்சிகையில் படித்தேன். சும்மா இருக்க முடியுமா? பதுளை மருந்துக்கடையில் அயோடைடு உப்பு வாங்கினேன். ஈரமாக்கி, இரண்டு கம்பிகளை வைத்தேன்... கட்டி பழுப்பாகிவிட்டது. அதைக் கரைத்துக் கந்தல் துணியை முக்கினால் — அருமையான மஞ்சள்.

தோட்டத்து அம்மன் கொடிக்கும் இதே சாயம்தான் என்று சொல்லிவிட்டேன். கடைச் சாயம் மழையில் ஒழுகுகிறதே! கங்காணியும், வேலை பிரித்துக்கொடுக்கும் காலைப் பெரட்டில் அத்தனை ஆட்கள் முன்னாலும் அதை அறிவித்துவிட்டார்.

கொடியேற்றம் பத்து மணிக்கு. எட்டு மணிக்குத் துணியை முக்கி எடுத்தேன். கன்னங்கரேல் என்று வந்தது.

எங்கள் தோட்டத்தில் கொடித்துணியைக் கஞ்சி போட்டு, விறைப்பாக்கித்தான் கொடுப்பார்கள். அயோடினும் கஞ்சியும் சேர்ந்தால் கறுக்கும்... பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வேண்டிய நேரத்தில் ஞாபகம் வந்தால்தானே? வேறு துணி வாங்கிவர நேரமில்லை. அம்மனுக்குக் கறுப்புக் கொடியா? இனி லயத்து வீடுகளில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் என் பெயர்தான் அடிபடும்.

கங்காணியின் மனைவி ராக்கம்மா வந்து பார்த்தார். திட்டவில்லை.

"யாரோ கண்ணு வச்சிருக்காங்க ஐயா. கொஞ்சம் இருங்க."

அம்மன் மாலைக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தில் ஒன்றை நறுக்கினார். அதைக்கொண்டு துணியை மூன்று முறை சுற்றி, ஒரு மூலையில் பிழிந்தார். பிழிந்த இடம் வெள்ளை வெளேரென்று ஆனது.

"பாத்தீங்களா, கண்ணு கழியுது," என்றார்.

எலுமிச்சைச் சாறு அயோடின் கறையை எடுக்கும் என்று அன்றுதான் கண்டேன். விளக்கமெல்லாம் அப்போது யாருக்கு வேண்டும்? கூடையில் இருந்த அத்தனை பழத்தையும் பிழிந்தோம். அலசினோம். ராக்கம்மா மஞ்சள் அரைத்துக் கரைத்தார், அதில் முக்கினோம்.

பத்து மணிக்கு ஈரம் சொட்டச் சொட்ட, மஞ்சளாகக் கொடி ஏறியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கங்காணி பூரித்துப்போய் வந்தார். "கரண்டு சாயம் நல்லாப் புடிச்சிருக்குங்க ஐயா."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். ராக்கம்மா ஓர் உருண்டைப் பொங்கலை நீட்டினார்.

"மொதல்ல சாப்புடுங்க ஐயா."

பிரசாதத்தை வாயில் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது, நீங்களே சொல்லுங்கள்?