பெண்கள் பக்கத்து ஸ்பீக்கர்

போன கிழமை என் பழைய காரின் இடதுபக்க ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. கல்முனையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கதவைக்கூடத் திறக்கவில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "ரேடியோ செட் முடிஞ்சி டீச்சர். கழட்டிப்போட்டு ஸ்கிரீன் ஒண்டு பூட்டுவம். சேர ஒருக்கா வரச் சொல்லுங்களன், அவரோட கதைச்சாத்தான் விளங்கும்" என்றார்.

சேர் என்றது என் கணவரை. அவருக்கு ரேடியோவில் சத்தத்தைக் கூட்டத் தெரியும். சில நாள் அதையும் மறந்து குறைத்துவிடுவார். விஞ்ஞானம் படிப்பித்தே தலை நரைத்தவள் நான். காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். கதவு மடியும் இடத்தில் வயர் முறிந்திருந்தது, அவ்வளவுதான். முறுக்கி இணைத்துக் கறுப்பு டேப்பைச் சுற்றும்போது அதன் பசை மணம் மூக்கில் ஏறியது. அதோடு எப்போதோ போய் வந்த பொத்துவில் வேனும், இன்னும் ஆறாத என் ஆத்திரமும் வந்துவிட்டன.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாய்ந்தமருதிலிருந்து பொத்துவிலுக்குத் தினமும் அந்த வேனில்தான் போனோம். டீச்சர்மார் ஆறு பேர் பின்னால் நீள சீட்டில், ஆண்கள் முன்னால். வேனில் இரண்டே ஸ்பீக்கர். ஒன்று டிரைவரின் கதவில், மற்றது எங்கள் தலைக்கு மேல். எஞ்சின் போட்ட கூச்சலில் முன்னால் பாடுவது எங்களுக்குக் கேட்காது. காலைச் செய்தி, இறந்தவர் பெயர் வாசிக்கும் ஜனாஸா அறிவித்தல் எல்லாம் எங்கள் ஸ்பீக்கரில்தான். வீட்டுக்கு வீடு போன் இல்லாத காலம். தூரத்து ஊரில் ஒருவர் மௌத்தானால் ரேடியோதான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் அது நின்றுபோனது. "ஸ்பீக்கர் பழுது. பாப்பம்" என்றார் டிரைவர் முஸ்தபா காக்கா. ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த மாதத்தில்தான் பரீதா டீச்சரின் சாச்சி காத்தான்குடியில் மௌத்தானார். உம்மா இல்லாத பரீதாவை வளர்த்த சின்னம்மா அவர். காலை அறிவித்தலில் பெயரை வாசித்திருக்கிறார்கள். கேட்டிருந்தால் வழியில் அக்கரைப்பற்றில் இறங்கித் திரும்பி பஸ் ஏறியிருப்பாள். நாங்களோ பின்னால் இருந்து மீன் விலையைக் கதைத்துக்கொண்டு போனோம். பின்னேரம் வீட்டுக்கு வந்தவளிடம், பகல் ளுஹர் தொழுகையோடு அடக்கியாகிவிட்டது என்றார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

அவள் திரும்ப வேலைக்கு வந்த நாள், ஆய்வுகூடத்திலிருந்து ஒரு டோர்ச் பற்றரியை எடுத்துக்கொண்டு பாடசாலை வாசலில் நின்ற வேனுக்குள் ஏறினேன். கரும்பலகையில் மின்சுற்று வரைந்ததைத் தவிர அதுவரை ஒரு திருகாணியைத் தொட்டவள் இல்லை.

"வேணாம் டீச்சர், சாறி ஊத்தையாப் போகும்" என்று முஸ்தபா காக்கா பின்னாலேயே வந்தார்.

ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் பற்றரியைத் தொட்டேன். 'டப்' என்றது. உயிர் இருக்கிறது! செட்டை வெளியே இழுத்து, டிரைவர் பக்க ஸ்பீக்கரின் வயரை எங்கள் பக்கத்துக்குரிய முனையில் கொடுத்தேன். பாடியது. செட்டும் சுகம். மிஞ்சியது நடுவில் ஓடும் வயர் மட்டும். மிதிப்பாயைக் கிளப்பிக்கொண்டே போனேன். எங்களுக்கு நேர் முன்னால் மூத்த ஆசிரியர் ஒருவர் வழமையாக இருக்கும் சீட்டுக்குக் கீழே வயர் இரண்டு துண்டாகக் கிடந்தது. எலி கடித்ததல்ல. பிளேடால் நேராக வெட்டி, முனைகளுக்கு ஒழுங்காக டேப்பும் சுற்றியிருந்தது.

"காக்கா, இது யார்ர வேல?"

அவர் தலையைச் சொறிந்தார். "இந்த சீட்டில இரிக்கிற சேர்தான் வெட்டச் சொன்ன. காலையில நித்திர கொள்ள ஏலாம இரிக்காம். பொம்புளயளுக்கு என்னத்துக்கு ரேடியோண்டும் கேட்டாரு."

சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் குறைத்திருக்க மாட்டோமா? நீங்களே சொல்லுங்கள். ஒரு மாதம் நாங்கள் ஸ்பீக்கரை நொந்துகொண்டு வர, அந்த மனிதர் வெட்டிய வயருக்கு மேல் இருந்து குறட்டை விட்டிருக்கிறார்!

பாடசாலை விட்டு எல்லோரும் ஏறியதும் அவரிடமே கேட்டேன். மறுக்கவில்லை. "மௌத்து அல்லாஹ்ட நாட்டம் டீச்சர். இதப் போய் பெரிசாக் கதைக்கிறீங்க."

"மௌத்து அல்லாஹ்ட நாட்டம்தான் சேர். வயர வெட்டின யார்ர நாட்டம்?"

அப்போதுதான் பரீதா பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள்: "முன் ஸ்பீக்கர்ல என்ர சாச்சிர பேர வாசிக்கக்குள்ள நீங்க முழிச்சா இரிந்த, சேர்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாய்ந்தமருது வரும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில் வயரை நான்தான் இணைத்தேன். முஸ்தபா காக்கா டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேன் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த நீள சீட்டில் தோள் இடித்துக்கொண்டு இருந்தவர்களில் இரண்டு பேர் இன்று இல்லை. இப்போதைய டீச்சர்மார் ஸ்கூட்டியில் தனித்தனியாகப் போகிறார்கள். எவருடைய நித்திரைக்காகவும் அவர்கள் காதைப் பொத்த வேண்டியதில்லை. நல்லதுதான். பரீதா அந்தச் சாச்சியைக் கடைசியாகக் கண்டது ஒரு கல்யாண வீட்டில், கை கழுவும் இடத்திலாம். "சாப்பிட்டியா மகள்?" என்று கேட்டிருக்கிறார். ஓம் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று இவள் ஓடி வந்துவிட்டாளாம்.