ஏழாம் எண் தண்ணீர்

கல்யாணமாகி ஐந்தாவது மாதம் என் கணவரைக் கர்நாடகத்துக்கு மாற்றினார்கள். மூடிக் கிடக்கும் பழைய தங்கச் சுரங்கம் ஒன்று. அதைச் சுற்றிலும் பல தலைமுறைகளாகக் கொட்டிய கழிவு மண் குன்றுகளாக நிற்கிறது. அந்த மண்ணை மறுபடி கழுவினால் அன்று விட்டுப்போன கொஞ்சம் தங்கமும், அன்று யாரும் கண்டுகொள்ளாத டங்ஸ்டன் தாதுவும் கிடைக்கும். அதற்கான சோதனை வேலைக்குத்தான் அவரை அனுப்பினார்கள். நான் திருவனந்தபுரத்திலேயே, மண்ணும் தண்ணீரும் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் இருந்துவிட்டேன்.

"மழைக்கு முன்ன முடிஞ்சிரும். முடிஞ்சா இங்கயே திருப்பிப் போட்டிருவாங்க, எழுதியே வாங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கழுவுவது பெரிய காரியமில்லை. கழுவிய பிறகு மிஞ்சும் சேறுதான் பயம். வெகுகாலம் இறுகிக் கிடந்த மண்ணைக் கிளறினால், அதில் இருக்கும் ஆர்செனிக் நஞ்சு தண்ணீரில் கரையத் தொடங்கும். அதனால் அந்தச் சேற்றை, கனத்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டையில் தேக்கிவைப்பார்கள். விரிப்பு கசிகிறதா என்று பார்க்க, சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் எடுத்து, பாட்டில்களில் எண் போட்டு மாதம் இருமுறை எங்களுக்கு அனுப்புவார்கள். எடுத்து அனுப்புகிறவர் அவர். பரிசோதிக்கிற நாலைந்து பேரில் நானும் ஒருத்தி.

தெர்மக்கோல் பெட்டி காலை பஸ்ஸில் தம்பானூர் பஸ் நிலையத்துக்கு வரும். போய் எடுத்துவர ஆள் இருந்தும் நானே போவேன். வலியசாலையில் நாங்கள் வாடகைக்கு எடுத்த மாடி வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான் என்று அலுவலகத்தில் காரணம் சொல்லிவைத்திருந்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போகும்போது மேலே அவர் எழுதியிருக்கும் விலாசத்தைப் படித்துக்கொண்டே இருப்பேன். எங்கள் ஆய்வுக்கூடத்தின் விலாசம், எனக்கு மனப்பாடமாகத் தெரிந்ததுதான். ஒருமுறை ஒட்டுநாடாவின் பசைப் பக்கத்தில் கட்டைவிரல் ரேகை முழுசாகப் பதிந்திருந்தது. அந்தத் துண்டை வெட்டி எடுத்து டயரிக்குள் ஒட்டிவைத்தேன்.

சாயங்காலம் போனில் பேசுவார். சிக்னலுக்காகக் கழிவுக் குன்றின் மேல் ஏறி நின்றுதான் பேச வேண்டும். காற்றின் இரைச்சலுக்குள் அவர் குரல் வந்து வந்து போகும். வைத்த பிறகு, இன்றைக்கு எத்தனை வார்த்தை சரியாகக் கேட்டது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மே மாதக் கடைசியில், முடிவு அறிக்கைக்கான பெட்டி வந்தது. எல்லாம் சரியாக இருந்தால் சோதனை முடிந்தது, அவர் வந்துவிடுவார். ஒன்று முதல் ஆறு வரை சுத்தமாக இருந்தன. ஏழாம் எண்ணில் ஆர்செனிக் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது.

மறுபடி செய்தேன். அதே அளவு. சந்தேகம் வந்தால் இரண்டு முறை பார்ப்பது எங்கள் வழக்கம். அதோடு நிறுத்தி, ஆய்வுக்கூடத் தலைவியான மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. இயந்திரத்தைத் துடைத்து, புதிதாகக் கரைசல் கலக்கி, அடுத்த நாள் மூன்றாவது முறை செய்தேன். அது பரிசோதனை இல்லை என்று செய்யும்போதே எனக்குத் தெரியும். மாறிவிடாதா என்கிற ஆசை. மாறவில்லை.

அன்று சாயங்காலம் அவர் கூப்பிட்டார்.

"ரிசல்ட் ஆச்சா?"

"நாளைக்கு மேடம் மெயில் அனுப்புவாங்க."

"நீ ஏன் இப்பிடிப் பேசுத? எதுலயாவது கூடிப்போச்சா?"

வேலை விஷயத்தை வீட்டுப் பேச்சில் கலக்கக் கூடாது என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். ஆனாலும் வாயில் வந்துவிட்டது. "ஏழுல."

"ஏழா? நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவ பாத்தாச்சு."

"பிள்ளே, ஏழு நாங்க போட்ட போர்வெல் இல்ல. கீழ காலனில உள்ள கெணறு. இந்தத் தடவதான் சேத்தேன். அந்த வெள்ளத்தயாக்கும் எட்டு வீட்டுக்காரங்க குடிக்காங்க."

"எட்டு வீடா?"

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து காலைல."

"நான் போய்க் கெணத்த மூடணும். வைக்கேன்" என்று துண்டித்தார்.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், கடத்திய ஒரு நாளையும் சேர்த்து. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மலையாளம் கலந்த தமிழில்தான் எப்போதும் என்னிடம் பேசுவார். "ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாது மோளே. பட்சே, இனிமே அங்கத்த சாம்பிள நீ பாக்கண்டா. எனக்கே முன்னாடி தோணியிருக்கணும்." குரலில் கோபம் இல்லை. அதன் பிறகு பெட்டி வேறு ஒருவர் மேசைக்குப் போனது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அது திறக்கப்படுவதைப் பார்ப்பேன். கையெழுத்து அங்கிருந்து தெரியாது.

நான்கு நாள் அவர் கூப்பிடவில்லை. ஐந்தாம் நாள் கூப்பிட்டபோது அழக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

"எம்மேல கோவமா?"

"ஒம்மேல கோவப்பட எனக்கு என்ன இருக்கு? நானும் அந்த பாட்டில அடைக்கும்போ, கடவுளே இது நல்லதா இருக்கணும்னுதான் நெனச்சேன். குடிக்கவங்களுக்காவ இல்ல. எனக்கும் வீட்டுக்கு வரணும்லா."

வேலை நின்றது. குட்டையை வற்றவைத்துப் பார்த்ததில், விரிப்பின் இரண்டு துண்டுகள் ஒட்டிய இடம் ஒரு மூலையில் பிரிந்திருந்தது. காலனிக்கு லாரியில் தண்ணீர் விட்டார்கள். மேட்டுப் பக்கம் புதிதாகக் குழாய்க் கிணறு போட்டார்கள். குட்டைக்கு இரட்டை விரிப்பு வந்தது. எல்லாம் முடிவதற்குள் இங்கே மழை வந்து போய்விட்டது. எழுதி வாங்கிய மாற்றல் கடிதமும் காலாவதியானது.

ஓண விடுமுறையில் நான் அங்கே போனேன். தூசி பறக்காமலிருக்கக் குன்றின் ஒரு சரிவு முழுக்கப் புல் நட்டிருந்தார்கள். அவர் ஜன்னலையெல்லாம் அடைத்து அறையை இருட்டாக்கி, புற ஊதா விளக்கைப் போட்டுக் காட்டினார். தட்டில் பரப்பிய அழுக்கு மண்ணில் டங்ஸ்டன் தாது மட்டும் பொடிப் பொடியாக வெளிர் நீலத்தில் ஒளிர்ந்தது. "இதுக்குத்தான் இவ்வளவும்" என்றார். விளக்கை அணைத்த பிறகும் நாங்கள் ஜன்னலைத் திறக்கவில்லை.

வெளியே வந்தபோது காலனிப் பெண் ஒருத்தி புதுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தில் வியர்வையைப் பார்த்து ஒரு சொம்பு தண்ணீர் நீட்டினாள். கன்னடத்தில் ஏதோ கேட்டாள். "திருவனந்தபுரத்துல தண்ணி பாத்துச் சொன்னது நீயான்னு கேக்காங்க" என்றார் அவர். ஆமாம் என்று தலையசைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு நாளைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொல்லும்படி அவரையும் கேட்கவில்லை.

இப்போது சோதனை மறுபடி நடக்கிறது. பழைய கிணறு மெல்லத் தேறிவருவதாக மேடம் சொன்னார். அந்த இடத்தை நன்றாகத் தெரிந்தவர் என்று என் கணவரையே பொறுப்பாளராக வைத்துவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிய விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. வரும் மாதம் மூன்று நாள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் ஐந்து நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.