டாக்டருக்குத் தேங்காய்

காதோரம் வைத்துக் குலுக்குகிறாள். விரலால் சுண்டிப் பார்க்கிறாள். "இது ஆகாது, தண்ணி வத்திப்போச்சு" என்று ஒன்றை உருட்டிவிட்டு அடுத்த காயை எடுக்கிறாள் நாச்சம்மாள். வியாபாரிக்குப் போகிற தேங்காயை யாரும் இப்படிப் பொறுக்க மாட்டார்கள். இது டாக்டருக்கு. நாளைக்குக் காலையில் பாலக்காட்டுக்குப் போய் வயிற்று வலியைக் காட்ட வேண்டும். காட்டப் போகிறவள் கையை வீசிக்கொண்டு போனால் நன்றாகவா இருக்கும்?

"பெரிய மனுசருங்க அவரு. வெறுங்கையோட போயி நின்னா, இவ எந்தக் காட்டுல இருந்து வந்தவன்னு நெனைக்க மாட்டாரா?" என்பாள். கேரள எல்லைக்குள் இருக்கிற அவள் ஊரான வடகரப்பதிப் பக்கம் ஒருவர் வீட்டுக்குப் போவதற்கு இருக்கிற முறைகளெல்லாம் அவளுக்கு டாக்டரின் அறைக்கும் உண்டு.

போகிற நாளின் அலங்காரத்தைப் பார்க்க வேண்டுமே! தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, பெரியவன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டி, கொண்டையில் சாமந்தியைச் செருகி, முகத்துக்குப் பவுடரும் போட்டு முடிக்கிறபோது, அவளுக்கு வயிற்றில் வலி என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். "அத்தை, ஆஸ்பத்திரிக்கா, கல்யாண மண்டபத்துக்கா?" என்று மருமகள் வனிதா கேட்டாலும் காதில் விழாது. "நாலு பேரு வந்து போற எடம் அம்முணி. சீக்காளியாட்டப் போயி உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

கடைசியாக ஒரு காரியம் பாக்கி இருக்கும். பஸ் ஏறுவதற்கு முன் வலி மாத்திரை ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக்கொள்வாள். கொழிஞ்சாம்பாறை வழியாகப் போகிற பஸ் போடுகிற ஆட்டத்தில் வலி தாங்காது என்று அதற்குக் காரணம் சொல்வாள். ஆக, பாலக்காடு போய்ச் சேருகிறபோது பட்டும் பவுடரும் சாமந்தியும் தேங்காய்ப் பையும் பத்திரமாக இருக்கும். வலியைத்தான் மாத்திரை தூங்க வைத்திருக்கும்.

இத்தனைக்கும் வலி பொய்யில்லை. இரண்டு வருசத்துக்கு முன்னால் பித்தப்பையில் கல் என்று ஆபரேசன் நடந்தது. வயிற்றைக் கிழிக்காமல் சின்னச் சின்னத் துளை போட்டுச் செய்கிற வகை. சாவித் துளை ஆபரேசன் என்று மலையாளத்தில் சொன்னார்கள். கல் போய்விட்டது. துளைகளும் ஆறிவிட்டன. ஆனால் வலது விலாவுக்குக் கீழே, ஒரு தழும்பின் ஓரத்தில், வலி குடிவந்து உட்கார்ந்துகொண்டது. இருமினால் சுருக்கென்று இழுக்கும். பால் கறக்கக் குனிந்தால் இழுக்கும். படுக்கையில் புரண்டால் இழுக்கும். "சாவித் தொளைன்னாங்கல்ல, சாவிய உள்ளயே போட்டுப் பூட்டிட்டாங்களாட்ட இருக்குது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாலும் இழுக்கும். உடனே பக்கவாட்டில் கையை வைத்துக்கொள்வாள். அந்தக் கை இப்போதெல்லாம் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கிறது.

ஆபரேசன் செய்த டாக்டர் நல்ல மனிதர். கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்து, "என்னம்மா, சுகந்தானே?" என்று கேட்பார். அங்கேதான் வந்தது வினை. நம்ம நாச்சம்மாளை ஒருவர் முகம் பார்த்துச் சுகம் விசாரித்துவிட்டால், உள்ளே உயிரே போனாலும் வாயில் வருவது ஒரே பதில்தான்.

"நல்லா இருக்கறனுங்க. நீங்க நல்லா இருக்கறீங்களா? ஊட்ல அல்லாரும் சௌக்கியமுங்களா?"

கேட்டவர் மனசு குளிர வேண்டும் அவளுக்கு. ஆபரேசனுக்காகச் சக்கரப் படுக்கையில் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு நர்சுப் பெண் கேட்டதற்கும் இதையேதான் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணின் அம்மா அப்பாவையும் விசாரித்திருக்கிறாள்.

தேங்காயோடு போன அன்றைக்கும் அப்படித்தான். டாக்டர் ஸ்கேனைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றை அங்கே இங்கே அழுத்திப் பார்த்தார். மாத்திரை வேலை செய்துகொண்டிருந்த நேரம். "சித்த வலிக்கறாப்ல இருக்குதுங்க" என்றாள், மெதுவாக, அவர் சங்கடப்படக் கூடாதே என்று. எழுந்து வந்ததும் தேங்காய்ப் பையைத் தூக்கி ஒரே மூச்சில் மேசைமேல் வைத்தாள். அவர் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இதை நீங்களா சுமந்து வந்தது?"

"ஆமாங்க. நம்ம தோட்டத்துக் காயிங்க. தண்ணி சக்கரையாட்ட இருக்குமுங்க."

"அப்பக் குழப்பமில்ல, அம்மா. இவ்வளவு சுமக்கிறவங்களுக்கு என்ன வலி? எல்லாம் சரியாகும்."

குழப்பமில்லை என்றால் அந்தப் பக்கத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்று அர்த்தம். "கொழப்பமில்லையாமா" என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "அவருக்கென்ன கொழப்பம்? வலிக்கறது எனக்கல்லொ!"

அடுத்து கோயமுத்தூரில் ஒரு டாக்டர். அவருக்கு முருங்கைக்காய்க் கட்டு. அவர் வாயு என்றார். அதற்கடுத்து இன்னொருவர். அவருக்கு நாட்டுக்கோழி முட்டை, ஒன்றுகூட உடையாமல் உமியில் பொதிந்து. அந்த மனிதர் முட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, "வீட்ல ஏதாச்சும் மனக்கஷ்டமா?" என்று கேட்டுத் தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார். அதைத் தின்றுவிட்டு நன்றாகத் தூங்கினாள். விழித்ததும் வலித்தது.

இதில் ஆதாயம் அடைந்தவர் அவள் வீட்டுக்காரர் நஞ்சப்பன் ஒருவர்தான். டாக்டர் அறைகளுக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னால் நடந்து போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டே திரும்பி வந்தவர். கெட்டவர் அல்ல. ஆபரேசன் அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வெளியே நின்றவர். ஆனால் கடைசி டாக்டர் சொன்ன ஒரு சொல் அவருக்குச் சௌகரியமாக அமைந்துவிட்டது.

"அது மனசு, புள்ள. நீ நெனைக்கறதுனால வலிக்குது. மூணு படிச்சவிய பொய்யா சொல்லுவாங்க?"

நாச்சம்மாள் அன்றைக்கு ராத்திரி அவருடைய தோசைக்கு எண்ணெய் விடவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சொல் அவளைச் சுட்டுவிட்டது. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வாள், பொய்க்காரி என்ற பேரைப் பொறுக்க மாட்டாள். நாச்சம்மாள் கொண்டுவந்த பால் என்றால் பால் சொசைட்டியில் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிக்கொள்வார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாள் என்று ஊரில் ஒரு நாக்கு சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் சொந்த வீட்டில் "ஆ" என்றால், மகன் போனிலிருந்து தலை எடுப்பதில்லை. வனிதா, "அத்தை, அதையே நெனைக்காதீங்க" என்கிறாள். புருசன் மனசு என்கிறார். போகப் போக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே வலிக்கிறதா, நான்தான் பொய் சொல்கிறேனா என்று மாட்டுக் கொட்டகையில் தனியாக நின்று தழும்பை அமுக்கிப் பார்ப்பாள். உயிர் போகும். அப்பாடா, பொய்யில்லை என்று ஒரு நிம்மதி. பாவம், வலித்தால் சந்தோசப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டாள்.

பக்கத்துத் தோட்டத்துப் பொன்னாத்தாள்தான் ஒருநாள் வெடுக்கென்று கேட்டாள். "அக்கா, உங்க செவலைக்கு வகுத்து நோவு வந்தப்ப மாட்டு டாக்டரு வந்ததும் கண்டுபுடிச்சாரல்லொ? ஏன்னு நெனைக்கறீங்க? அது அவரப் பாத்து, நல்லா இருக்கறனுங்க, நீங்க நல்லா இருக்கறீங்களான்னு கேக்கலை."

நாச்சம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள். "அதுக்காவ மருவாதி இல்லாம பேசச் சொல்றியா, போடி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

போன மாதம் நடந்ததுதான் வேடிக்கை. நஞ்சப்பனுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை தீர்ந்திருந்தது. உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் போய் வாங்க வேண்டும். அவருக்குத் தனியாகப் போகத் தெரியாது. எந்தச் சன்னலில் எதைக் கேட்பது என்று பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். "சித்த வந்துட்டுப் போ புள்ள" என்று கூப்பிட்டார். சாணி அள்ளிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டாள். வெளுத்துப்போன நூல் சேலை. பூ இல்லை, பவுடர் இல்லை. தனக்காகப் போகவில்லையே, அதனால் வலி மாத்திரையும் போடவில்லை. கையில் ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூட இல்லை.

அங்கே புதிதாக வந்திருக்கும் டாக்டர் பின்சி, இடுக்கியில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த பெண். வீட்டில் பேசுகிற பாஷை தமிழ். நஞ்சப்பனுக்குப் பிரசர் பார்த்து முடித்ததும் இருவரும் எழுந்தார்கள். நாச்சம்மாள் எழுகிறபோது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் விலாவை அமுக்கிக்கொண்டு எழுந்தாள். பழக்கமாகிவிட்ட காரியம், அவளுக்கே தெரியாது.

"இருங்க இருங்க. என்னம்மா, எந்திரிக்கையில அங்கன புடிக்கிறீக?"

நஞ்சப்பன் முந்திக்கொண்டார். "அதுக்கு ஒண்ணுமில்லீங்க டாக்டர். ஆபரேசன் ஆச்சுங்க, பெரிய டாக்டருங்க மூணு பேருத்தப் பாத்தாச்சுங்க. மனசுதானுங்க."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கய்யா. அம்மா, எங்கன வலிக்குது? ஒத்த விரலால தொட்டுக் காட்டுங்க."

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை பாருங்கள்! எங்கே என்று கேட்டார். அதற்கு மரியாதைப் பதில் ஒன்றும் நாச்சம்மாளிடம் கைவசம் இல்லை. "வெறுங்கையோட வந்துட்டனுங்களே" என்றாள். பிறகு ஆட்காட்டி விரலைத் தழும்பின் ஓரத்தில் வைத்தாள்.

பச்சைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்து, அதே இடத்தில் டாக்டர் ஒரு விரலை அழுத்தினார். "இப்பத் தலையை மட்டும் லேசாத் தூக்குங்க."

தூக்கினாள். "ஐயோ சாமி!" என்று அவள் போட்ட சத்தத்தில் மருந்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நஞ்சப்பன் கட்டியிருந்த கை அவிழ்ந்துவிட்டது.

"இது உள்ளுக்குள்ள இல்லம்மா" என்றார் டாக்டர். "வயித்தோட வெளிச் சுவருலயே ஒரு நரம்பு தழும்போட மாட்டிக்கிட்டு இருக்குன்னு நெனைக்கேன். ஸ்கேன்ல தெரியாது. அந்த எடத்துலயே ஊசி போட்டுப் பாக்கலாம். கொறையலாம், கொறைய நாளும் ஆகலாம். ஆனா வலி இருக்கு. நெசமாவே இருக்கு."

நாச்சம்மாள் மேலே சுழல்கிற விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாது, இரண்டும்தான். டாக்டர் விரலை எடுக்கப் போனார். அந்தக் கையை எட்டிப் பிடித்து, வலிக்கிற இடத்திலேயே திரும்ப வைத்துக்கொண்டாள்.

"எடுத்துராதீங்க அம்முணி. இன்னொருக்கா அமுத்துங்க" என்று சொல்லிவிட்டு, மறு கையால் திரையை விலக்கி, வெளியே நின்ற நஞ்சப்பனைக் கிட்டே வரும்படி வேகவேகமாகக் கையை ஆட்டினாள்.