ஈசானி மூலையில் வெறும் தண்ணீர்

எங்கள் வீட்டுக் கூடத்தில், ஈசானி மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. மூன்றடி நீளம். உள்ளே தண்ணீர், நீல விளக்கு, ராப்பகலாகக் குமிழி விடும் மோட்டார். மீன் மட்டும் கிடையாது. வாஸ்து பார்க்கிறவர் சொல்லி என் கணவர் வாங்கி விட்ட மூன்று மீன்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போயின. ஒவ்வொன்று செத்தபோதும் மனிதர் நிம்மதியாகத்தான் இருந்தார். "நம்ம மேல வந்த திருஷ்டிய அது வாங்கிக்கிச்சு" என்பார். நாலாவது மீனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை மூலையில் தண்ணீர் இருந்தாக வேண்டுமாம். வெறும் தண்ணீருக்கு விளக்குப் போட்டுக் காவல் காத்த குடும்பம் எங்களுடையது.

எனக்கு வேலை திண்டிவனத்தில். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ். ஏழாவது படிக்கும் என் மகள் ஒரு வருஷமாக ஜெர்பில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எலி மாதிரிதான், ஆனால் வாலெல்லாம் மயிர், நுனியில் குஞ்சம். அவள் பிறந்தநாளுக்கு முதல் நாள் திண்டிவனத்தில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் இரண்டு வாங்கினேன். எதில் வளர்ப்பது என்று கேட்டேன்.

"லவ் பேர்ட்ஸ் கூண்டே போதும்க்கா. காத்தோட்டமா இருக்கும். எல்லாரும் இதுலதான் வச்சிக்கினு இருக்காங்க" என்றான் கடைக்காரன்.

பறவைக் கூண்டை எலிக்குக் கொடுக்கிறானே என்று ஒரு கேள்வி கேட்டேனா? இல்லை. பஸ் ஏறிக் கூண்டை மடியில் வைத்துக்கொண்டேன். விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் இரண்டும் கம்பியைக் கடிக்க ஆரம்பித்துவிட்டன. பக்கத்து சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாங்க, எலியக் காசு குடுத்தா வாங்கினு போறீங்க? நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்?" என்றாள். நானும் சிரித்தேன்.

வீட்டில் அவை கூண்டின் கம்பித் தரையை முன்னங்கால்களால் பறண்டிக்கொண்டே இருந்தன. மகள் போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்தாள். ஜெர்பில் வளை தோண்டி வாழும் பிராணி. கம்பி ஆகாது. கண்ணாடித் தொட்டியில் முழ உயரத்துக்கு வைக்கோலும் கிழித்த காகிதமும் நிரப்பி, மேலே வலை போட்டு மூட வேண்டும். "நம்ம வீட்லயே தொட்டி இருக்குதேம்மா" என்றாள்.

கணவரிடம் கேட்டேன். "எலிக்காவ ஈசானி மூலையக் காலி பண்ணச் சொல்றியா? குடும்பத்துக்கு ஆவாது" என்றார். மறுநாள் கேட்டதற்கு, பௌர்ணமி போகட்டும் என்றார். பௌர்ணமி போனது. வாஸ்துக்காரர் வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார். அந்த மகானும் வந்தபாடில்லை.

மூன்றாம் நாள் இரண்டுக்கும் மூக்கின் மேல் மயிர் உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. ஐந்தாம் நாள் கம்பியில் ரத்தம். காணையிலிருந்து வரும் பால்காரரிடம் சொல்லி ஒரு மூட்டை வைக்கோல் வாங்கி வைத்தேன். அது தொட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

வேறு தொட்டி வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம். வீட்டில் ஒன்று தண்டமாக நிற்கும்போது இன்னொன்று எதற்கு, இவர் வாயாலேயே சரி என்று சொல்ல வைக்கிறேனா இல்லையா பார் என்று வீம்பு பிடித்தேன். நாசமாய்ப் போன வீம்பு.

பதினோராம் நாள் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, மகள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கூண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஜெர்பிலின் பின்னங்கால் தரைக் கம்பி இடுக்கில் மாட்டி முறுக்கிக்கொண்டிருந்தது. இழுத்து இழுத்துப் பார்த்துச் செத்திருக்கிறது. உடம்பு விறைத்துவிட்டது. கம்பியை வளைக்கப் போய் மகள் விரலைக் கிழித்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று மூலையில் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது.

கணவர் வந்தார். பார்த்தார். மகள் தலையைத் தடவிக்கொடுத்து, "அழாத கண்ணு. நம்ம வூட்டுக்கு வந்த திருஷ்டிய அது எடுத்துக்கினு போயிடுச்சி" என்றார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "வாய மூடுங்க! திருஷ்டியாவது, மண்ணாவது! கம்பில கால் மாட்டிக்கினு துடிச்சி செத்திருக்கு. நீங்க தண்ணிக்கு நாள் பாத்துக்கினு இருந்தீங்க!"

மோட்டாரைப் பிடுங்கினேன். தோட்டத்து ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சி வாசலுக்கு இழுத்தேன். பாசி நாற்றமடித்த தண்ணீர் வாயெல்லாம் ஏறியது. துப்பினேன்.

"ஏய், இன்னா பண்ற? செவ்வாக்கெழம அதுவுமா!"

"செவ்வாக்கெழமதான். அதுக்கு இன்னா இப்போ?"

தண்ணீர் வாசல்படி இறங்கித் தெருவில் ஓடியது. அடியில் நின்றதை மக்கால் மொண்டு ஊற்றினேன். பழைய புடவையால் துடைத்தேன். மகள் செய்தித்தாளைக் கிழித்துப் போட்டாள். வைக்கோலைப் பிரித்து முக்கால் தொட்டிக்கு நிரப்பி, மீந்துபோன ஜன்னல் கம்பிவலையை மேலே போட்டு ஓரங்களில் செங்கல் வைத்தேன். மிஞ்சிய ஒற்றை ஜெர்பிலை உள்ளே விட்டோம். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு தோண்ட ஆரம்பித்து வைக்கோலுக்குள் போய்விட்டது.

கடிகாரத்தைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"இவ்ளோதானாம்மா வேலை?" என்றாள் மகள்.

அவள் அப்பாவைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.