பதினெட்டாம் இடத்தின் வலப்பக்கக் கோடு

சிங்கப்பூருக்கு அக்கரையில் இருக்கும் மாசாயில், எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, கார் நிறுத்த ஒரே வரிசையில் பதினெட்டு இடங்கள். பழைய கோடுகள் அழிந்துவிட்டதால் குடியிருப்போர் குழு புதிதாகப் போட முடிவு செய்தது. ஓய்வுபெற்ற பிறகு நான் கணினி நிரல் எழுதப் பழகியிருந்தேன். வரைபடத்தை நிரலிலேயே வரைந்து தருவதாகச் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

திரையில் வரைபரப்பின் அகலம் எழுநூற்று இருபது புள்ளிகள். ஓர் இடத்துக்கு நாற்பது. பூஜ்யத்தில் முதல் கோடு, எழுநூற்று இருபதில் கடைசிக் கோடு. பதினெட்டு இடங்களுக்குப் பத்தொன்பது கோடுகள் வேண்டும் என்பதை நான் மறக்கவில்லை. பத்தொன்பதையும் வரையச் சொல்லித்தான் எழுதியிருந்தேன். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. அச்செடுத்துக் கொடுத்தேன். சாயம் அடிக்க வந்தவர்கள் அதைப் பார்த்து அடித்துவிட்டுப் போனார்கள்.

கடைசி இடம் மூன்றாம் மாடியில் இருக்கும் பெண்ணுடையது. சிங்கப்பூரில் வேலை, விடியுமுன் கிளம்பி இருட்டியபின் வருவார். அவருடைய கார் வலப்பக்கம் குப்பை லாரி திரும்பும் பாதைக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: ‘கோட்டைத் தாண்டியிருக்கிறது.’ அடுத்த வாரம் இன்னொன்று. மூன்று புகார் சேர்ந்தால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவது எங்கள் விதி. மூன்றாவதையும் நான்தான் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் என் கதவைத் தட்டினார்.

“கீழ வாங்க அங்கிள். எந்தக் கோட்டைத் தாண்டினேன்னு காட்டுங்க.”

“காருக்கு அடியில இருக்கும்மா.”

“சரி, காரை எடுக்கிறேன். நீங்க நின்னு பாருங்க லா.”

எடுத்தார். அடியில் வெறும் தார். மூன்று புகைப்படங்களிலும் கார் மறைப்பதாக நான் நம்பிய கோடு அங்கே இல்லவே இல்லை. அவர் கண்ணாடியை இறக்கி, “எண்ணிப் பாருங்க அங்கிள். நீங்கதான் நல்லா எண்ணுவீங்களே,” என்றார்.

எண்ணினேன். பதினெட்டுக் கோடுகள்.

மேலே வந்து நிரலைத் திறந்தேன். திரை பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. எழுநூற்று இருபது புள்ளிகளில் கடைசிப் புள்ளியின் எண் எழுநூற்றுப் பத்தொன்பது. என் கடைசிக் கோடு பரப்புக்கு வெளியே விழுந்திருந்தது. நான் கோடு என்று பார்த்தது, வரைபடத்தைச் சுற்றித் திரையில் இருந்த சட்டத்தின் விளிம்பு. தாளில் அந்தச் சட்டம் வரவில்லை.

பரப்பைக் கொஞ்சம் அகலமாக்கி, நான்கு பக்கமும் ஓரம் விட்டு உள்ளே தள்ளி வரைந்தேன். சின்ன வேலை. குழுவில் எழுதத்தான் நேரம் பிடித்தது. ‘நிரலில் ஒரு பிழை’ என்று எழுதி அழித்தேன். ‘அவருக்குக் கோடு இல்லாமல் வரைந்தது நான். மூன்று புகாரையும் திரும்பப் பெறுகிறேன்’ என்று போட்டேன். ‘நன்றி அங்கிள்’ என்று அவரிடமிருந்து பதில் வந்தது.

இப்போது கோடு இருக்கிறது. இருந்தும் அவர் காரை இடப்பக்கக் கோட்டை உரசுவதுபோல ஒட்டியே நிறுத்துகிறார். வலப்பக்கம் அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது. அந்த வழியாகப் போகும்போது கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறேன்.